வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

குழு: நம் வீட்டார்

புதன்

கமலா (காலை 6:48): [குரல் பதிவு, 3 நிமிடம் 12 வினாடி]

இளங்கோ (6:55): அத்தை, குரல் பதிவை என்னால் கேட்க முடியாது. தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.

கமலா (7:10): மன்னித்துக்கொள் கண்ணா, பதற்றத்தில் மறந்துவிட்டேன். மலருக்கும் மாப்பிள்ளைக்கும் மருத்துவமனையில் ஆறு கருக்கள் உருவாகியிருக்கின்றன. தலசீமியா என்ற ரத்த நோய்க்கான சோதனையில் ஒன்றை நோயுள்ளது என்று விலக்கிவிட்டார்கள். மூன்று கேரியர், அதாவது பழுதைச் சுமந்தாலும் நோய் வராதவை. இரண்டில் அந்தப் பழுதே இல்லை. அந்த நோயுள்ள பேரன் கவினுக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்கும் அளவுக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இப்போது இந்த ஐந்தையும் இன்னொரு சோதனை செய்து, உயரம், அறிவுத்திறன், பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தித் தருவார்களாம். வேண்டுமா, வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர்கள் இருவரும் ஒரு வாரமாக வாய் திறக்காமல் இருக்கிறார்கள். அண்ணா, உயிரியல் பாடம் நடத்தியவர் நீங்கள். நீங்கள் சொன்னால் மலர் கேட்பாள்.

மலர் (7:14): அம்மா, இதைக் குழுவில் போடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கமலா (7:15): வெளியாட்களிடமா சொன்னேன்? நம் வீட்டாரிடம்தானே சொன்னேன்.

முருகேசன் (7:31): மரபணுவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் நானும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் நாய் மணி போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அவன் இறந்த அன்றே கால்நடை மருத்துவர் காதோரத்திலிருந்து சிறு தோல் துண்டை எடுத்துப் பாதுகாத்து வைத்திருக்கிறார். அதை அனுப்பினால் அதே நாயைப் படியெடுத்துத் தரும் நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. அண்ணா, இதற்கும் உங்கள் கருத்து வேண்டும்.

நிலா (7:33): சித்தப்பா, முதலில் மலரின் விஷயம் முடியட்டும்.

சண்முகம் (9:05): நிதானமாக எழுதியதால் நேரமாகிவிட்டது, நீளத்தையும் பொறுத்துக்கொள்ளுங்கள். தலசீமியா சோதனையையும் இந்த மதிப்பெண்ணையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தலசீமியா ஒரே மரபணுவில் நேரும் பழுது. பெற்றோர் இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கருவிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து அந்த ஓரிடத்தைப் பார்த்தால் உண்டு, இல்லை என்று சொல்லிவிடலாம். பரம்பரை நோய்க்காக இப்படிக் கருவைச் சோதித்துப் பார்த்துக் கருப்பையில் வைப்பது 1990-லேயே தொடங்கிவிட்டது. உயரமும் அறிவும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. உயரத்தோடு தொடர்புடைய இடங்களாக மட்டும் நம் மரபணுத் தொகுதியில் 12,000-க்கும் மேற்பட்டவற்றை 2022-இல் கண்டறிந்தார்கள். ஒவ்வொன்றும் கடுகளவுதான் பங்களிக்கிறது. பத்துக் கருக்களில் முதல் மதிப்பெண் வாங்கியதையே தேர்ந்தெடுத்தாலும், சராசரிக் கருவைவிடக் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் உயரமும், அறிவுத்திறனுக்காகத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ 2.5 புள்ளியும்தான் என்று 2019-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வில், நிறையப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட 28 குடும்பங்களையும் பார்த்தார்கள். உயர மதிப்பெண்ணில் முதலாவதாக வந்த பிள்ளையே உண்மையிலும் எல்லோரையும்விட உயரமாக வளர்ந்திருந்தது 7 குடும்பங்களில் மட்டும். இன்னொன்று, இந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து எழுந்தவை. மற்றவர்களுக்குப் போட்டுப் பார்க்கும்போது இன்னும் அதிகமாகத் தவறும்.

முருகேசன் (9:12): உங்களிடம் படித்த பிள்ளைகள் மணி அடித்த பிறகும் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வார்கள். காரணம் இப்போது புரிகிறது.

கமலா (9:20): இரண்டரை சென்டிமீட்டர் என்றாலும் கூடுதல்தானே, அதனால் கெடுதல் என்ன? கேரியர் கருக்கள் மூன்றையுமே விட்டுவிடலாம் என்பதும் என் எண்ணம். இந்த நோய் நம் பக்கத்தில் யாருக்கும் இருந்ததே இல்லை.

அரவிந்தன் (9:26): அத்தை, எங்கள் பக்கத்திலும் யாருக்கும் இருந்ததில்லை. இருவரிடமும் இருந்ததால்தான் கவினுக்கு வந்தது என்று மருத்துவர் நம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

கமலா (9:29): [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

மலர் (9:31): நீக்குவதற்கு முன் நான் படித்துவிட்டேன், அம்மா. கேரியர் என்று நீங்கள் ஒதுக்கச் சொல்வது என்னையும் அவரையும்தான். எங்களைப் போல ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு எந்த நோயும் இருக்காது. இந்தப் பழுது என்னிடம் இருப்பது முப்பது ஆண்டுகளாக உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்கு இப்படி ஒரு சோதனை இருந்திருந்தால் என்னை எந்தப் பக்கம் வைத்திருப்பீர்கள்?

கமலா (9:40): அந்த அர்த்தத்தில் நான் சொல்லவில்லை.

மலர் (9:44): தெரியும். ஆனால் கவின் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், என் கைபேசியைத்தான் எடுத்துப் படிக்கிறான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு வரும் பிள்ளை, தன்னைப் போன்ற ஒரு கருவை விலக்கினார்கள் என்று ஒருநாள் தெரிந்துகொள்வான். அந்த ஒன்றை ஏன் விலக்கினோம் என்று அவனுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கிறது, அவன் படும் வலியே அதற்குப் பதில். உயரத்துக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் மற்றவற்றையும் தள்ளிவைத்தோம் என்றால், அதை அவனிடம் எப்படிச் சொல்வேன்?

நிலா (10:02): நான் வேறொரு பக்கத்திலிருந்து பயப்படுகிறேன். இன்று ஐந்து பெற்றோர் இதைச் செய்கிறார்கள், நாளை ஐம்பது பேர் செய்வார்கள். அப்புறம் செய்யாத தாயைப் பார்த்து, முடிந்தும் செய்யாமல் விட்டாயே என்று கேட்பார்கள். பிள்ளை கணக்கில் பின்தங்கினால்கூட அது அவளுடைய அலட்சியமாகிவிடும். பணம் உள்ளவர்கள் மட்டும் செய்துகொண்டால், அவர்கள் பிள்ளைகள் பிறவியிலேயே மேலானவர்கள் என்று ஒரு பேச்சு கிளம்பும். மதிப்பெண் பொய்யாகப் போனாலும் அந்தப் பேச்சு நிற்கும்.

சண்முகம் (10:30): நிலா சொல்வதற்கு வரலாற்றில் சான்று உண்டு. பெண் குழந்தை வேண்டாம் என்று நினைத்த ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு விஷயம் என்றுதான் நினைத்தது. அந்தந்த வீட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. எல்லா வீட்டு முடிவுகளையும் கூட்டிப் பார்த்தபோதுதான், பிறக்கவிடாமலும் பிறந்தபின் பேணாமலும் உலகம் இழந்த பெண்களின் எண்ணிக்கை 10 கோடிக்கு மேல் என்று அமர்த்தியா சென் 1990-இல் கணக்கிட்டுச் சொன்னார். அந்த வீடுகளில் எதுவும் இந்த எண்ணை விரும்பியிருக்காது.

அரவிந்தன் (பிற்பகல் 1:15): உணவு இடைவேளையில் எழுதுகிறேன். எல்லோரும் பேசுவதைப் படித்தேன். எனக்கு அந்தப் பட்டியலைப் பார்க்கும் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். உயரம் எனக்கு முக்கியம் இல்லை. கவினுக்கு நேர்ந்தது எங்களுக்குத் தெரியாமல் நேர்ந்தது. இம்முறை தெரிந்துகொள்ள வழி இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வந்தால், ஊசி போடும் ஒவ்வொரு முறையும் நான் அந்தப் பட்டியலைத்தான் நினைப்பேன். மலருக்கும் எனக்கும் இதில்தான் ஒரு வாரமாகப் பேச்சு ஓடவில்லை.

மலர் (1:22): இதை என்னிடம் நேரில் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை நீங்கள்.

முருகேசன் (மாலை 6:40): நான் மணியைப் பற்றிக் கேட்டது அப்படியே நிற்கிறது. அவனுக்குக் கடைசியில் இடுப்பு மூட்டு வலி மிகவும் இருந்தது. படியெடுக்கும்போது அதை மட்டும் திருத்தித் தர முடியுமா என்றும் தெரிய வேண்டும்.

சண்முகம் (இரவு 8:10): முருகேசா, உன் துக்கம் எனக்குத் தெரியும், அதனால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். படியெடுத்த முதல் பூனை 2001-இல் பிறந்தது. உயிரணு கொடுத்த தாய்ப் பூனை கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை என்று மூவண்ணம் கொண்டது. படியான குட்டியிடம் செம்மஞ்சளே இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு உயிரணுவிலும் மரபணுக்களைச் சுமக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று செயல்படாமல் அடங்கிவிடும், எது அடங்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். எடுத்த உயிரணுவில் செம்மஞ்சள் நிறத்தைத் தரும் பக்கம் செயல்படாமல் அடங்கியிருந்தது. மணி ஆண் நாய், நிறம் ஓரளவு ஒத்துவரலாம். ஆனால் மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் மேல்தோலே மாறிப்போகும் என்றால், பழக்கவழக்கத்தை என்னவென்று சொல்வது?

அடுத்தது, ஒரு குட்டிக்குப் பின்னால் எத்தனை தாய் நாய்கள் என்பதையும் கேள். 2005-இல் தென்கொரியாவின் சியோலில் முதல் நாயைப் படியெடுத்தபோது 1,095 கருக்களை 123 நாய்களின் வயிற்றில் வைத்தார்கள். பிறந்தவை இரண்டு, அவற்றில் ஒன்று 22 நாளில் நிமோனியாவில் இறந்தது. இன்று முறை மேம்பட்டிருக்கிறது என்றாலும், கருமுட்டை கொடுக்கவும் சுமக்கவும் வேறு நாய்கள் வேண்டும் என்பது மாறவில்லை.

திருத்துவதைப் பற்றிக் கேட்டாய். 2015-இல் சீன ஆய்வாளர்கள் தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவைச் செயலிழக்கச் செய்து பீகிள் நாய்களை உருவாக்கினார்கள். ஆக, நாயின் மரபணுவில் கைவைக்க முடியும். இடுப்பு மூட்டுக் கோளாறோ பல மரபணுக்களும் எடையும் வளர்ப்பும் சேர்ந்து வருவது, ஓரிடத்தில் தைத்துச் சரிசெய்ய முடியாது. மரபணுவை வெட்டும் கத்தரியே இல்லாமல், ஆசைக்கு ஏற்ற ஜோடியைச் சேர்த்துச் சேர்த்தே நாம் செய்ததையும் பார். புள்ளி அழகுக்காக டால்மேஷியனைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில், யூரிக் அமிலத்தைக் கையாளத் தெரியாத மரபணுவும் அந்த இனம் முழுவதும் பரவி, சிறுநீர்ப்பையில் கல் சேர்ந்து அவை துடித்தன. 1973-இல் ஒருவர் பாயிண்டர் இன நாயோடு ஒரே ஒருமுறை கலந்து அந்தக் குறையை நீக்கினார். கலப்பு என்று சொல்லி, அந்த வழியில் வந்த குட்டிகளை அமெரிக்காவின் பெரிய நாய் வளர்ப்புச் சங்கம் முழுமையாக ஏற்றுக்கொள்ள 2011 வரை ஆயிற்று. காது மடங்கிய ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனையின் காதை மடக்குவதே குருத்தெலும்பின் நோய். அதே நோய்தான் அதன் கால் மூட்டுகளையும் வலிக்கச் செய்கிறது. பார்ப்பவருக்கு அது பொம்மை போலத் தெரிகிறது. அந்த மூட்டோடு தாவ வேண்டியது பூனை.

இளங்கோ (9:02): பெரியப்பா, மணியைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். வாசல் மணி அடித்தால் அவன் ஓடி வந்து என் முழங்காலில் மூக்கால் இடிப்பான். அதை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குக் காது கேட்காது என்று எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது அவனே கண்டுபிடித்தான். அப்பா, படியெடுத்து வரும் நாய் மணியின் முகத்தோடு வந்து, வாசல் மணி அடிக்கும்போது படுத்தே கிடந்தால், அதன்மேல் எனக்குக் கோபம் வரும். அது எந்தத் தப்பும் செய்திருக்காது.

முருகேசன் (9:10): இதை நான் யோசிக்கவில்லை.

இளங்கோ (9:25): இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மருத்துவமனைகளின் பட்டியலில் என் காது கேளாமையை நோய் என்ற பக்கத்தில்தான் வைப்பார்கள், எனக்கு அது தெரியும். 2002-இல் அமெரிக்காவில் காது கேளாத இரு பெண்கள், தங்களைப் போன்ற குழந்தை வேண்டும் என்று, தலைமுறைகளாகக் காது கேளாமை உள்ள குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரிடம் விந்து தானம் பெற்ற செய்தி வந்து உலகமே அவர்களைத் திட்டியது. அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்காகப் பெற்றோர் இவ்வளவு தூரம் முடிவு செய்யக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கேட்கும் பிள்ளைதான் வேண்டும் என்று முடிவு செய்பவர்களை யாரும் திட்டுவதில்லை. என்னைப் போன்றவர்கள் பிறப்பது குறையக் குறைய, சைகை மொழி கற்றுத்தரும் பள்ளிகளும் குறையும், எங்களுக்காகக் காத்திருந்து பேசும் பொறுமையும் குறையும். மிச்சமிருப்பவர்களைப் பார்த்து, உன் பெற்றோர் ஏன் சோதிக்கவில்லை என்று கேட்பார்கள். கவினின் வலியை நிறுத்துவதற்கு நான் ஒருபோதும் குறுக்கே நிற்க மாட்டேன், மலர். எங்கே நிறுத்துவது என்றுதான் கேட்கிறேன்.

மலர் (9:31): இதை நான் பலமுறை படிப்பேன், இளங்கோ.

வியாழன்

கமலா (காலை 7:02): எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. நான் பேராசைக்காரி என்று எல்லோரும் நினைப்பது போல இருக்கிறது. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை வேண்டும் என்று எந்தப் பாட்டிதான் நினைக்க மாட்டாள்?

முருகேசன் (7:20): அக்கா, நம் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். ஆறாம் வகுப்பில் எனக்கு மண்டையில் ஏறாது என்று முடிவு செய்து, அண்ணனைப் படிக்கவும் என்னைப் பட்டறைக்கும் அனுப்பினார். அண்ணன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக, ஒரு கணக்கு எனக்குச் சரியாக வந்தால்கூட வீட்டில் ஆச்சரியப்பட்டார்கள். அப்பாவாவது என்னைப் பதினோரு வயது வரை பார்த்துவிட்டு முடிவு செய்தார்.

சண்முகம் (7:48): அந்த முடிவால் பயன் பெற்றவன் நான். இதை உன்னிடம் நேரில் ஒருமுறைகூட நான் சொன்னதில்லை, முருகேசா. வகுப்பில் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டவன் நீ. உனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, கரும்பலகை தெரியவில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை.

நிலா (7:50): அப்பா, இது எங்களுக்குத் தெரியாதே.

முருகேசன் (8:15): பட்டறைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து முதலாளிதான் கண்ணாடி வாங்கித் தந்தார். இருக்கட்டும்.

சண்முகம் (8:40): அதனால்தான் இந்தப் பட்டியலைக் கண்டு அஞ்சுகிறேன், மலர். பிள்ளை பிறக்கும் முன்பே அதற்கு ஒரு மதிப்பெண் வீட்டுக்குள் வந்துவிட்டால், அது தவறானது என்று தெரிந்தாலும் நம் கண் அதை மறக்காது. முதலிடம் வந்த பிள்ளை படிக்காவிட்டால் அதன்மேல் ஏமாற்றம், மூன்றாம் இடம் வந்தது தடுக்கி விழுந்தால் எதிர்பார்த்ததுதான் என்ற நினைப்பு. மாப்பிள்ளையின் பயம் நியாயமானது, அதை நான் தள்ளவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் அவருக்குத் தரப்போவது சில சதவீத ஏற்ற இறக்கங்களை. கவினுக்கு வந்தது போன்ற ஒன்றைக் கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல.

அரவிந்தன் (8:55): மாமா, தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாகக் கருவிலேயே நேரடியாகத் திருத்திவிட முடியாதா? அப்படியென்றால் எதையும் விலக்க வேண்டிய தேவையே இருக்காதே.

சண்முகம் (9:30): ஒருவர் செய்துவிட்டார், மாப்பிள்ளை. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க ஒரு மரபணுவைக் கருவில் திருத்தி, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக ஹே ஜியான்குய் என்ற சீன ஆய்வாளர் 2018 நவம்பரில் அறிவித்தார். அவர் நினைத்தபடி திருத்தம் அமையவில்லை. ஒரு குழந்தையிடம் அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டுமே மாறியிருந்தது. நேர்ந்த மாற்றங்களும் இயற்கையில் சிலருக்கு இருக்கும் மாற்றம் அல்ல. அவருக்கு 2019 டிசம்பரில் மூன்று ஆண்டுச் சிறை. அந்தக் குழந்தைகள் என்ன ஆவார்கள் என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. பள்ளியில் தெரிந்தால் ஒரு பேச்சு, திருமணப் பேச்சு வந்தால் ஒரு பேச்சு, அவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதையும் சோதிக்க வேண்டும் என்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

பிறந்த பிள்ளையின் உடம்பில் மட்டும் திருத்துவது வேறு. தலசீமியாவுக்கே அப்படி ஒரு சிகிச்சையைப் பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதித்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜை உயிரணுக்களை வெளியே எடுத்து, கருவில் இருந்தபோது வேலை செய்த ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கும்படி திருத்தி, திரும்பச் செலுத்துகிறார்கள். அது அந்த ஒருவரோடு நிற்கும், சந்ததிக்குப் போகாது. அந்த அனுமதி 12 வயது நிறைந்தவர்களுக்கு.

கமலா (9:33): கவினுக்கு இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறதா?

சண்முகம் (9:36): ஆம். வயது வந்த எல்லோருக்கும் அது கிடைத்துவிடும் என்று மட்டும் இப்போதே நம்பிவிடாதே, கமலா. செலவும் கடுமை, முன்னதாகக் கொடுக்கும் மருந்தும் கடுமை.

மலர் (இரவு 10:12): நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். இனி யாரும் அழைக்க வேண்டாம். பெரிய மாமா மட்டும் நாளை மாலை கூப்பிடுங்கள்.

வெள்ளி

நிலா (மாலை 5:30): மலர், என்ன ஆயிற்று?

மலர் (6:48): நோயில்லாத ஐந்தில் எது நன்றாக வளர்ந்திருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்து மருத்துவரே சொல்லட்டும், கேரியரா இல்லையா என்பதைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். மதிப்பெண் சோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன், கருக்களை உறையவைத்து ஒரு மாதம் அவகாசம் தரும்படி கவினின் அப்பா கேட்டார். தந்திருக்கிறார்கள்.

அரவிந்தன் (6:50): அனேகமாக வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்னும் சொல்லவில்லை.

முருகேசன் (7:05): மணியின் தோல் துண்டு மருத்துவரிடமே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, அனுப்பவும் மனம் வரவில்லை.

இளங்கோ (7:06): சரி, அப்பா.

கமலா (7:20): [குரல் பதிவு, 14 வினாடி]

கமலா (7:21): [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

கமலா (7:24): எழுதுகிறேன், இளங்கோ. மலர், கவினுக்கு அடுத்து எப்போது ரத்தம் ஏற்றுகிறார்கள்? நானும் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

மலர் (7:31): செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, அம்மா.